ஒரு விரல் கீழே

— கட்டிலுக்கு எதிர்ச் சுவரா? வேணும்னே சொல்றீங்களா மேடம், இல்ல நான் சொன்னது புரியாம சொல்றீங்களா?

— புரிஞ்சுதான் சொல்றேன் மேஸ்திரி.

— புரிஞ்ச மாதிரி தெரியல. இன்னொரு தடவ சொல்றேன், கேளுங்க. இந்த வால்பேப்பர்ல கொடி போகுது. கொடி மேல குருவி உக்காந்திருக்கு. பாதிக் குருவி இந்தப் பட்டையில, மீதிப் பாதி பக்கத்துப் பட்டையில. ரெண்டையும் ஒட்டினாத்தான் முழுக் குருவி. அப்படியே ரூமச் சுத்தி ஒட்டிட்டு வந்தா, கடைசிப் பட்டை வந்து முதல் பட்டையை இடிக்கும். அந்த ஒரு எடத்துல மட்டும் குருவி சேராது. எந்த ரூமா இருந்தாலும் சேராது. ராஜா வீடா இருந்தாலும் சேராது.

— ம்.

— அந்தச் சேராத எடத்த எங்க கொண்டுபோய் ஒளிக்கிறான்கிறதுலதான் ஒட்டுறவன் யாருன்னு தெரியும். நான் கதவுக்கு மேல முடிப்பேன். அங்க ஒரு சாண் பேப்பர்தான் வரும். எவனும் அண்ணாந்து பாக்க மாட்டான்.

— கதவுக்கு மேல வேணாம். எதிர்ச் சுவர்ல, நட்டநடுவுல. கட்டில்ல படுத்துட்டுக் கண்ணத் தொறந்தா நேரா அதுதான் தெரியணும்.

— யாரு படுக்கப் போறாங்க?

— எங்க மாமியார்.

— அந்தப் பெரியம்மாவா? வெளிய கூடத்துல சக்கர நாற்காலியில உக்காந்திருக்காங்களே, அவங்களா?

— அவங்கதான். ஒரு பக்கம் விழுந்துடுச்சு. எந்திரிக்க முடியாது. வாயும் பேசுறதில்ல. கண்ணு மட்டும் நல்லா இருக்கு.

— கண்ணு நல்லா இருக்குன்னு தெரிஞ்சேவா இத ஒட்டச் சொல்றீங்க?

— அதனாலதான் ஒட்டச் சொல்றேன்.

— மேடம், உங்களுக்குப் பாவ புண்ணியம் பாக்குற பழக்கமே இல்லையா?

— இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி.

— என் கையால நடக்காது. வேற ஆளப் பாத்துக்குங்க. நாளைக்கு எவனாவது வந்து பாத்துட்டு, இத யார் ஒட்டினதுன்னு கேட்டா என் பேரச் சொல்லுவீங்க. எனக்கு இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான்.

— சரி. கீழ் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சவர் பேப்பரும் ஒட்டுவாராம்.

— யாரு, அந்த நெட்டையனா? மேடம், பெயின்ட் அடிக்கிறவனுக்குச் சுவர் தெரியாது. வாளி தெரியும், டீக்கடை தெரியும். போன மாசம் ஒரு வீட்டுல அவன் ஒட்டின பேப்பரப் பாத்தேன். பூவெல்லாம் தலைகீழா நிக்குது. வீட்டுக்காரங்க வித்தியாசமா இருக்குன்னு சந்தோஷமா காட்டுறாங்க. எனக்கு வாய்ல கெட்ட வார்த்த வந்துச்சு. முழுங்கிட்டு வந்தேன்.

— அவரக் கூப்பிட எனக்கும் இஷ்டமில்ல.

— ஏன்? உங்களுக்குக் கோணல்தானே வேணும்? அவன் ரூம் முழுக்கக் குடுப்பான்.

— அதான் வேணாங்கறேன். எல்லாமே கோணலா இருந்தா எங்க மாமியார் ஒரு பார்வ பாப்பாங்க. தொழில் தெரியாதவன் ஒட்டினதுன்னு கண்ண மூடிக்குவாங்க. எனக்கு ரூம் முழுக்க நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும். குத்தம் சொல்ல ஒரு எடம் இருக்கக் கூடாது. அந்த ஒண்ணத் தவிர.

— ஓஹோ.

— அப்படி ஒட்ட இந்தப் பக்கத்துல உங்களத் தவிர ஆள் இல்லன்னு சொன்னாங்க.

— யாரு சொன்னாங்க?

— கேட்ட எடத்துல எல்லாம் சொன்னாங்க. வாய்தான் கொஞ்சம் நீளம்னும் சொன்னாங்க.

— வாய் நீளம்தான். கை அதவிட நீளம். மேடம், உண்மையச் சொல்லுங்க. வீம்புக்குத்தானே?

— வீம்புக்குன்னே வெச்சுக்குங்க.

— எவ்ளோ விலகணும்? ஒரு சாண் விலக்கிடவா? தல மேலயும் வால் கீழயும் தொங்கட்டும். பாத்தவுடனே கண்ணக் குத்தணும், அவ்ளோதானே?

— ஒரு சாணா?

— அது வேலைக்கு ஆகாது. சும்மா கேட்டேன். ஒரு சாண் விலகினா, இதான் டிசைன் போலன்னு மனுஷன் நெனச்சுக்குவான். ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும். ஒரு விரல் அகலம் விலகினாத்தான் உறுத்தும். இந்தப் பக்கம் குருவியோட மூக்கு, அந்தப் பக்கம் ஒரு விரல் கீழ கழுத்து. தள்ளி நின்னா சரியா இருக்கிற மாதிரித் தோணும். ஆனா இருக்காது. கண்ணு அத விடவே விடாது. தூங்கி எந்திரிச்சு மறுபடி அங்கதான் போகும்.

— அப்ப ஒரு விரல்.

— பாருங்க, வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

— நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள முடிச்சிடணும். எங்க நாத்தனார் வர்றா. அம்மாவ ஏதோ ஒரு விடுதியில சேக்கப் போறாளாம். இந்த ரூம் ஈரமா இருக்கு, சுவர் உதிருது, இங்க மனுஷி இருக்க முடியாதுன்னு அண்ணன் காதுல ஓதியிருக்கா.

— ஈரமாத்தான் இருந்துச்சு. போன வாரம் நான் வந்து சொரண்டினப்ப சுண்ணாம்பு பொலபொலன்னு கொட்டுச்சு. இப்பக் காஞ்சிடுச்சு. பட்டி பாத்து மட்டம் பண்ணியாச்சு. இனிமே அந்தம்மா வந்து நாக்கால நக்கிப் பாத்தாலும் ஈரம் தெரியாது.

— நக்கிப் பாக்கக்கூடிய ஆள்தான்.

*

— கீழ் நுனியப் பிடிங்க. இழுக்காதீங்க மேடம், பிடிங்கன்னுதான் சொன்னேன். பசையில ஊறின பேப்பர் குழந்த மாதிரி. இழுத்தா நீண்டுடும். அப்புறம் காயும்போது சுருங்கி ஜாயின்ட்டு வாயப் பொளக்கும்.

— இழுக்கல.

— இழுத்தீங்க. நான் மேல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். ம், இப்ப விடுங்க. அந்தத் தூக்குக்குண்ட அசைக்காம நில்லுங்க. நூலோட ஒட்டி வருதா?

— வருது.

— வரும். என் கண்ணுக்கு நூலே வேணாம். உங்களுக்காகத்தான் தொங்க விட்டிருக்கேன். ஆமா, உங்க வீட்டுக்காரர் இதுக்கெல்லாம் என்ன சொல்றாரு?

— அவரா? அம்மாவப் பாத்தா அம்மா சொல்றது சரிம்பாரு. தங்கச்சியப் பாத்தா தங்கச்சி சொல்றது சரிம்பாரு. இப்ப அம்மா பேசுறதில்ல. அதனால பாதி அபிப்பிராயம் குறைஞ்சு போச்சு.

— உங்களப் பாத்தா?

— என்னப் பாக்க நேரம் எங்க இருக்கு? பேப்பர் படிப்பாரு.

— ஒட்டுற பேப்பர ஒருத்தன்கூடப் படிக்கிறதில்ல. ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான், கலர் நல்லா இருக்கும்பான், போயிடுவான். ஒரு வீட்டுல ஜாயின்ட்ட மோந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒட்டி வெச்சேன். மறுநாள் அந்தாளு அதுமேல ஆணி அடிச்சுக் காலண்டர் மாட்டியிருக்கான். ஆணியும் கோணல். காலண்டரும் கோணல். அந்தத் தெருப் பக்கமே நான் போறதில்ல இப்ப. அடுத்த பட்டையக் குடுங்க. மடிப்போட குடுங்க, பசைப் பக்கம் உள்ள இருக்கட்டும்.

— இந்தாங்க. எங்க மாமியாரா இருந்தா அந்த ஆணியப் பிடுங்கி அவன் கையிலயே குடுத்திருப்பாங்க.

— அப்படியா? அவ்ளோ கறாரா?

— கறாரா? கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு விசேஷத்துக்குக் கிளம்பி நிக்கிறேன். வாசல்ல சொந்தக்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க. இவங்க உள்ள போயி சீப்ப எடுத்துட்டு வந்தாங்க. என் தலய எல்லார் முன்னாடியும் கலைச்சு, வகிடு எடுத்து, மறுபடி பின்னி விட்டாங்க. வகிடு ஒரு நூல் வலப்பக்கம் போயிடுச்சாம்.

— நூல் கணக்கா?

— நான் ஜன்னலுக்குத் திரை தெச்சேன், ஆசையா. ரெண்டு நாள் தொங்குச்சு. மூணாவது நாள் காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், இவங்க தரையில உக்காந்து பிளேடால தையல் ஒண்ணொண்ணா அறுத்துட்டு இருக்காங்க. அடிமடிப்பு ஒரு பக்கம் ஏறியிருக்காம். டீ கப்ப எல்லாம் அடுக்கினா காது ஒரே பக்கம் பாத்து நிக்கணும். கட்டில்ல விரிப்பு போட்டா நாலு முனையும் ஒரே அளவு தொங்கணும். தப்புன்னு கத்தமாட்டாங்க. அப்படியே நின்னு பாப்பாங்க. அந்தப் பார்வைக்கே நான் ஓடிப்போயி சரி பண்ணணும்.

— அவங்க என்ன வேல பாத்தாங்க?

— தையல். வீட்டுலயே மெஷின் போட்டு.

— தையலா?

— கட்டம் போட்ட துணின்னா தூரத்துல இருந்தெல்லாம் இங்க கொண்டு வருவாங்க. பாக்கெட்டுல இருக்கிற கட்டமும் சட்டையில இருக்கிற கட்டமும் அப்படியே சேந்துடும். பேனாவ வெக்கப் போறவன் பாக்கெட் எங்க இருக்குன்னு தடவித் தேடுவான்.

— இருங்க, இருங்க.

— என்ன மேஸ்திரி, கைய எடுத்துட்டீங்க?

— இதச் சொல்லவே இல்லையே நீங்க.

— சொன்னா என்ன?

— மேடம், பாக்கெட்டுல கட்டம் சேக்குறவங்க எங்க ஆளு. உங்கள மாதிரி, உங்க வீட்டுக்காரர் மாதிரி, அந்த நெட்டையன் மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல தப்பிப் பொறந்தவங்க. அவங்க கண்ணு முன்னாடி இத ஒட்டுறதும், கண்ணுல மொளகாப்பொடி தூவுறதும் ஒண்ணுதான். நாளெல்லாம் அசைய முடியாம படுத்துக்கிட்டு, அந்த ஒரு குருவிய... என் கையால நடக்காது.

— நேத்து ஒத்துக்கிட்டீங்க.

— நேத்து யாரோ ஒரு மாமியார்னு நெனச்சேன்.

— மத்த சுவர் எல்லாம் முடிஞ்சாச்சு. பாக்கி இருக்கிறது இந்த ஒரு பட்டை. ஏறுங்க.

— கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. இவ்ளோ வெறுப்பு இருக்குன்னா நாத்தனாரோட அனுப்பிட வேண்டியதுதானே? அவங்களும் நிம்மதி, நீங்களும் நிம்மதி.

— அனுப்பினா? அங்க எல்லாருக்கும் வெள்ளச் சுவரு. நாலு பக்கமும் வெள்ள. பாக்க ஒண்ணும் இருக்காது. நிம்மதியாக் கண்ண மூடிட்டுக் கெடப்பாங்க. அந்த நிம்மதிய நான் குடுக்க மாட்டேன்.

— அம்மாடி. என் பொண்டாட்டி கோவக்காரின்னு ஊர்பூராச் சொல்லிட்டுத் திரியறேன். இன்னைக்குப் போயி அவ கால்ல விழணும்.

— விழுங்க. மொதல்ல ஏணியில ஏறுங்க.

— ஏறுறேன். ஆனா ஒண்ணு. தப்பா இருந்தாலும் என் கையில வர்றது சுத்தமா இருக்கும். ஜாயின்ட்டு வாயப் பொளக்காது, குமிழி இருக்காது, விளிம்பு தூக்காது. குருவி மட்டும் ஒரு விரல் கீழ. யாராவது கேட்டா நான் ஒட்டலன்னு சத்தியம் பண்ணுவேன்.

— பண்ணிக்குங்க.

— பிடிங்க. இழுக்காதீங்க!

*

— அண்ணி! அண்ணி எங்க இருக்கீங்க? அம்மா ஏன் கூடத்துல தனியா உக்காந்திருக்காங்க? அடேங்கப்பா, என்ன வாசன இது, மாவு கிண்டின மாதிரி. யாரு நீங்க?

— பேப்பர் ஒட்ட வந்தவன்க்கா. வாசன பசையோடது. காஞ்சா போயிடும்.

— அக்காவா? உங்க வயசுக்கு நான் அக்காவா?

— பழக்கதோஷம். ஓரமா வாங்க, தரையில பசை இருக்கு.

— அண்ணி, என்ன இது? நான் கூட்டிட்டுப் போறேன்னு தெரிஞ்சே ரூமுக்கு ஜோடன பண்றீங்களா? வண்டி வரச் சொல்லியாச்சு. அங்க பெட் சொல்லியாச்சு. நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு. அண்ணன் சரின்னுட்டாரு.

— உங்க அண்ணன் எதுக்கும் சரிம்பாரு. ரூம் ஈரம்னு சொன்ன. இப்ப ஈரம் இல்ல. தொட்டுப் பாரு.

— சுவர் காஞ்சா போதுமா? நான் சொன்னா தப்பா எடுத்துக்குவீங்க, ஆனா சொல்றேன். அம்மாவுக்கு இப்ப எந்த ரூமா இருந்தாலும் ஒண்ணுதான். டாக்டர் என்ன சொன்னாரு? நாக்குல கோளாறு இல்ல, பேசணும்கிற நெனப்புதான் வரலன்னாரு. நான் வாரா வாரம் வந்து என்னென்னவோ பண்ணிட்டேன். சின்ன வயசு போட்டோ காட்டினேன். பழைய பாட்டுப் போட்டேன். அழகா தல சீவி விட்டேன். கன்னத்தத் தடவி, 'அம்மா செல்லம், என் பேரச் சொல்லு பாப்போம்'னு கொஞ்சினேன். ஒரு அசைவு இல்ல.

— நானா இருந்தாலும் அசைய மாட்டேன்.

— என்ன சொன்னீங்க?

— அவங்கள நீ கொஞ்சினா எப்படிம்மா? ஆயுசுக்கும் அவங்க யாரையும் கொஞ்சினதில்ல. யார் கொஞ்சினாலும் பிடிச்சதுமில்ல. மெஷின் முன்னாடி உக்காந்து ஊரையே மெரட்டினவங்களுக்கு ஏழெட்டு மாசமா எல்லாரும் கிலுகிலுப்ப ஆட்டுறீங்க.

— நீங்க மட்டும் என்ன பண்ணிக் கிழிச்சீங்க? சோறு ஊட்டுறீங்க, துணி மாத்துறீங்க. ஒத்த வார்த்த பேசுறதில்ல அவங்ககிட்ட. அண்ணன் சொன்னாரு. வேலைக்காரி மாதிரி வர்றது, செய்யறது, போறது.

— எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் பழக்கம்.

— வாழ்க்கபூரா அவங்கமேல வெச்ச கோவம் உங்களுக்கு. எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம். இது என்ன? அந்த நடுச் சுவர்ல?

— எங்க?

— அங்க, அந்தக் குருவி. தல ஒரு எடத்துல இருக்கு, கழுத்து கீழ எறங்கி இருக்கு. மேல பாருங்க, அந்தக் குருவியும் அப்படித்தான். கீழ இருக்கிறதும். ஏங்க, இதத்தான் ஒட்டிக் கிழிச்சீங்களா நீங்க? கண்ணு தெரியாதா உங்களுக்கு?

— அக்கா, அது நான்... அது வந்து, மேடம், நீங்களே சொல்லிடுங்க. எனக்கு இதக் கேக்கத் தெம்பு இல்ல.

— நான்தான் அப்படி ஒட்டச் சொன்னேன்.

— நீங்க சொன்னீங்களா? தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். அவர் கதவுக்கு மேலதான் ஒளிக்கப் பாத்தாரு. நான்தான் கட்டிலுக்கு எதிர்ல வேணும்னேன்.

— எங்கம்மா கண்ணு முன்னாடியா? கட்டம் அரை நூல் நகந்தா முழுச் சட்டையும் பிரிச்சுத் தெச்சவங்க முன்னாடியா? அடேங்கப்பா. அடேங்கப்பா! இவ்ளோ விஷமா அண்ணி உங்களுக்கு? அடிக்கக்கூட வேணாம், கிள்ளக்கூட வேணாம். சுவர்ல எழுதி வெச்சிட்டீங்க.

— நான் அப்பவே சொன்னேன்க்கா. மொளகாப்பொடின்னு சொன்னேன்.

— நீங்க பேசாதீங்க! காசு குடுத்தா எது வேணும்னாலும் ஒட்டுற ஆளு. அண்ணி, இந்த நிமிஷமே அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். இனிமே இந்த வீட்டுப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டாங்க. அண்ணன் வரட்டும், இந்தச் சுவரக் காட்டுறேன். பெத்த அம்மாவ என்ன பண்ணியிருக்காங்க பாருன்னு காட்டுறேன்.

— காட்டு. அதுக்கு முன்னாடி அவங்கள உள்ள கூட்டிட்டு வர்றேன். ஒரு தடவ கட்டில்ல படுக்கட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போ.

— வேணாம். எதுக்கு? சித்திரவதைக்கா?

— அவங்க ரூம் இது. பாக்கட்டும். மேஸ்திரி, அந்த ஏணியக் கொஞ்சம் நகத்துங்க, நாற்காலி நுழையணும்.

— மேடம், நான் போயிடறேனே. பிரஷ்ஷக் கழுவிட்டு அப்படியே பின்பக்கமா...

— யாரும் போக வேணாம். நில்லுங்க.

— அண்ணி, சொல்லிட்டே இருக்கேன்! அம்மா, அம்மா செல்லம், அந்தப் பக்கம் பாக்காத. என்னப் பாரு. இங்க பாரு, யார் வந்திருக்கான்னு பாரு. வண்டி வருதும்மா, டாட்டா போலாமா?

— கையப் பிடிக்காதம்மா, விடு. மேஸ்திரி, அந்தப் பக்கம் தோளத் தூக்குங்க. மெதுவா. ம், அப்படித்தான். அத்தை, சாஞ்சுக்குங்க. தலகாணி சரியா இருக்கா? சரி.

— பாருங்க, எங்கயோ பாக்குறாங்க. ஜன்னலப் பாக்குறாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. நீங்க எவ்ளோ விஷத்தக் கொட்டினாலும் அவங்களுக்கு உறைக்காது. அதுவும் ஒரு புண்ணியம்.

— ஜன்னல் இல்லக்கா. இப்பக் கதவுப் பக்கம் பாக்குறாங்க. ஜாயின்ட்டு ஜாயின்ட்டாப் பாத்துட்டு வர்றாங்க. அடேய், இப்படி என் வேலைய எவனும் பாத்ததில்ல. மூலையப் பாக்குறாங்க. சுவிட்சுப் பக்கம் வெட்டின எடத்தப் பாக்குறாங்க. ம், அதுல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது பெரியம்மா, அது சுத்தம்.

— பேசாம இருங்க மேஸ்திரி.

— வந்துட்டாங்க. நடுச் சுவருக்கு வந்துட்டாங்க மேடம்.

— தெரியுது.

— நின்னுடுச்சு. கண்ணு அங்கயே நின்னுடுச்சு.

— அம்மாவுக்கு மூஞ்சி செவக்குது. அண்ணி, மூச்சு வாங்குறாங்க! கை எழும்புது பாருங்க, அந்த நல்ல கை. அம்மா! என்னம்மா வேணும்? தண்ணி வேணுமா? அண்ணி, தண்ணி கொண்டு வாங்க!

— தண்ணி இல்ல. கிட்டப் போகாத.

— கைய நீட்டுறாங்க. சுவரக் காட்டுறாங்க. திருப்பிப் போடுங்க அவங்கள! ஏங்க, அந்தப் பேப்பரக் கிழிங்க, இப்பவே கிழிங்க!

— பசை ஈரமாத்தான் இருக்கு, உரிச்சா வந்துடும். உரிச்சிடவா மேடம்?

— ரெண்டு பேரும் கைய எடுங்க. ஒருத்தரும் அசையக் கூடாது.

— ப்... ப்பி...

— என்ன சத்தம் அது?

— பி... ரி.

— அண்ணி. அம்மாவா? அம்மா பேசினாங்களா?

— பிரி... டீ.

— அம்மா! ஐயோ, அம்மா பேசுறாங்க! அம்மா செல்லம், என் பேரச் சொல்லு, நான் யாரு, சொல்லு...

— நீ சும்மா இரு. அவங்க உங்கிட்டப் பேசல.

— பெரியம்மா, கோச்சுக்காதீங்க, அது நான் தெரியாம ஒட்டினதில்ல, சத்தியமா, இவங்கதான் ஒரு விரல்னு...

— மேஸ்திரி, வாய மூடுங்க.

— கழுத... பிரிடீ... அத...

— அண்ணி, உங்களத்தான் திட்டுறாங்க. உங்க கண்ணுல ஏன் தண்ணி... அண்ணி, நீங்க இதுக்குத்தானா...

— எத அத்தை பிரிக்கணும்? எனக்கு எல்லாம் நேராத்தான் தெரியுது. வெவரமாச் சொல்லுங்க.